முதியோரைப் பார்த்துக்கொள்ள அன்பு மட்டும் போதுமா?

எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் காலையில் நன்றாகத்தான் இருந்தார். மாலையில் மகனைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுந்து எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்க்கிறார். வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது." பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயாவும் அதையேதான் சொல்வார். சில வீடுகளில் மருந்துக்கடையிலிருந்து ஒரு தூக்க மாத்திரையும் வந்துவிடும்.

பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருந்தால் முதலில் கேட்பது வேறு கேள்வி: "நேத்து எப்படி இருந்தார்?" நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் அதற்குக் காரணம் வயது இல்லை. சிறுநீர்த் தொற்று இருக்கலாம். நிமோனியா தொடங்கியிருக்கலாம். ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ இறங்கியிருக்கலாம். இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகாமல் அடைத்திருக்கலாம். போன வாரம் புதிதாகத் தொடங்கிய மாத்திரையாகக்கூட இருக்கலாம். மருத்துவர்கள் இந்தத் திடீர்க் குழப்பத்தை டெலிரியம் என்கிறார்கள். உடனே காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

முதியோர் பராமரிப்புப் பயிற்சி என்றால் என்ன என்பதற்கு அந்த ஒரு கேள்வியே நல்ல தொடக்கம். பாசம், பொறுமை எல்லாம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் கேட்கப் பாசம் மட்டும் போதாது. யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

யார் யாருக்குப் பயிற்சி?

முதியோருக்குச் சேவை செய்பவர்கள் என்றதும் டாக்டரும் நர்ஸும்தான் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் அந்தப் பட்டியல் நீளம். பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், முதியோர் இல்லத்தில் சமைப்பவர், வார்டு ஆயா, ஏஜென்சி மூலம் வீட்டுக்கு வரும் பராமரிப்புப் பெண், கிராமத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர் எல்லாரும் இதில் அடக்கம். சம்பளம் இல்லாமல் இதே வேலையைச் செய்யும் மனைவி, மகள், மருமகள் ஆகியோரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆண்களும் செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலான வீடுகளில் இது பெண்கள் தலையில்தான் விழுகிறது.

ஒரு முதியவரோடு யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சிறப்பு மருத்துவர் மாதத்தில் சில நிமிடங்கள். நர்ஸ் வந்தால் ஒரு மணி நேரம். பராமரிப்புப் பெண்ணோ மருமகளோ நாள் முழுக்க. பயிற்சியின் அளவோ நேர் எதிராக இருக்கிறது: மருத்துவருக்குப் பல வருடப் படிப்பு, நாள் முழுக்க இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. மேலே நிபுணர்களை உருவாக்குவது அவசியம்தான். அதோடு அடிமட்டத்தில் இருப்பவரின் கையிலும் கண்ணிலும் திறமையைச் சேர்க்காவிட்டால், அந்த நிபுணருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிவிடும். இந்தத் துறையில் மாற வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இது எப்படித் தனித் துறை ஆனது?

குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல முதியோருக்கும் வேண்டும் என்று அமெரிக்காவில் இக்னாட்ஸ் நாஷர் 1909-லேயே எழுதினார். அதை நடைமுறையில் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் மார்ஜரி வாரன். 1935-ல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் பொறுப்புக்கு 714 நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகள். பலர் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று படுக்கையிலேயே விடப்பட்ட முதியவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார், வகைப்படுத்தினார், எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். நிறையப் பேர் வீடு திரும்பினார்கள். படுக்கையில் கிடந்ததற்குக் காரணம் முதுமை மட்டும் இல்லை, யாரும் எழுப்பாததும்தான் என்பது அப்போது விளங்கியது.

இந்தியாவில் இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1988-ல் உள்நோயாளிகள் வார்டு வந்தது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது, நாட்டிலேயே முதன்முறையாக. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

தேவை எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர் அந்த வயதில் இருப்பார்கள் என்று அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு சொன்னது, 2031-ல் 18.2 பேர். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் முதியோர் விகிதம் அதிகமாக இருக்கும் மாநிலம் இது. பிள்ளைகள் குறைவு, இருக்கும் பிள்ளைகளும் பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் வைக்க வேண்டிய வீடுகள் கூடிக்கொண்டே போகும்.

வயதான உடம்பு வேறு மாதிரி பேசும்

பயிற்சியின் முதல் பாடம் இதுதான். இளைஞருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் கொதிக்கும், இருமல் இருக்கும். எழுபத்தைந்து வயதுக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமல் வரலாம். சாப்பாடு குறையும், சோர்ந்து கிடப்பார், ஒருமுறை கீழே விழுவார், அவ்வளவுதான். மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவோ வியர்வையாகவோ வரலாம். வயதாக ஆகத் தாக உணர்வு மங்குவதால், உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் "தாகமா இல்லை" என்றே சொல்வார். அதனால் கேட்டுவிட்டுக் கொடுப்பதைவிட, நேரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கற்றுத் தருகிறார்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை மட்டும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்துகளின் கதையும் அப்படித்தான். சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். முதியோருக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் 1991-ல் தொகுத்தார். அந்தப் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. அதில் இருப்பவை ஏதோ அபூர்வ மருந்துகள் இல்லை. மூக்கொழுகினால் நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பழைய வகைச் சளி மாத்திரைகள், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் எல்லாம் அதில் உண்டு. முதியவருக்கு இவை குழப்பத்தையும் விழுவதையும் வரவழைக்கும். பராமரிப்பவர் மருந்தியல் படிக்க வேண்டியதில்லை. புதிய மாத்திரை தொடங்கிய தேதியைக் குறித்து வைப்பது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைப் பொடிக்காமல் இருப்பது, சர்க்கரை நோயாளி சரியாகச் சாப்பிடாத நாளில் வழக்கமான மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்வது, இவ்வளவு தெரிந்தாலே பல விபத்துகள் நடக்காது.

கையில் வர வேண்டிய வேலைகள்

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பு ஓரம் போன்ற இடங்களில், ரத்த ஓட்டம் நசுங்கித் தோல் செத்துப்போகிறது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது அடிப்படை விதி. மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து மருத்துவக் குழு இந்த இடைவெளியை மாற்றிச் சொல்லலாம். ஒரேயடியாகப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் இடுப்பு எலும்பில் அழுத்தம் ஏறாது.

இதில் மறக்க வேண்டிய பழக்கங்களும் உண்டு. சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பது பல வருடங்களாக ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தது. இப்போது அது கூடாது என்கிறார்கள், தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் கெடும். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். நடுவில் அழுத்தம் இல்லை என்று தோன்றினாலும் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இன்னொன்று நம் ஊருக்கு மிக முக்கியம். முதல் அறிகுறி "சிவந்து போவது" என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அதனால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? கண்ணால் மட்டும் பார்க்கப் பழகியவர் நம் ஊர்ப் பாட்டிகளின் புண்ணை முற்றிய பிறகுதான் கண்டுபிடிப்பார்.

அப்புறம் சாப்பாடு ஊட்டுவது. பக்கவாதம் வந்தவருக்கும் மறதி நோய் முற்றியவருக்கும் விழுங்கும் தசைகள் சொன்னபடி கேட்காது. படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் தண்ணீர் கோத்ததுபோல் மாறினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் இவர்களுக்கு ஆபத்தானது. கழுத்து பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்தபடி இருக்கும். வாழ்நாள் முழுக்க எச்சில்படாமல் குடித்த ஒருவரிடம், தலையைச் சற்றுக் குனிந்து வாய் வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும். அவர் முகம் சுளித்தால் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்: "இந்த டம்ளர் உங்களுக்கு மட்டும்தான், வேறு யாரும் தொடமாட்டோம்" என்று சொல்லித் தனியாக வைத்துவிட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதும் தனி வித்தை. எழுந்ததும் நிற்க வைக்கக் கூடாது, படுக்கை ஓரத்தில் சில நிமிடம் உட்கார வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுவது முதியோரிடம் மிகச் சாதாரணம். வீல்சேரின் பிரேக்கைப் போட்டு, பலமுள்ள கை கால் இருக்கும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகும். தூக்குபவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். இது பராமரிப்பவரின் முதுகைக் காப்பாற்ற. முப்பத்தைந்து வயதிலேயே இடுப்பு வலியோடு இந்த வேலையை விட்டுப் போகும் பெண்கள் நிறைய.

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவரோடு பேசுவது இதையெல்லாம்விடக் கடினம். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று ஒரு பாட்டி அழுகிறார். "இதுதான் உங்க வீடு" என்று பத்து தடவை சொன்னால் பத்து தடவையும் சண்டைதான் வரும். பயிற்சி சொல்வது இது: வாதாடாதீர்கள், அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பசியா, சிறுநீர் முட்டுகிறதா, எங்கேயாவது வலிக்கிறதா? "உங்க வீட்ல திண்ணை இருக்குமா? கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மனம் அந்த வீட்டுக்குள் போய்க் கொஞ்சம் அமைதியடையும். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று நாடு தழுவிய ஓர் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. எத்தனை வீடுகளில் இந்தச் சண்டை தினமும் நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நோட்ஸ் எழுதி மனப்பாடம் செய்து இந்த வேலை வராது. நல்ல பயிற்சி மையங்களில் முதலில் மாணவரையே முதியவராக்கிப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் வாசலின் தடவி, காதில் பஞ்சு அடைத்து, விரல்களைப் பிளாஸ்திரியால் சேர்த்துக் கட்டி, செருப்புக்குள் காய்ந்த பட்டாணியைப் போட்டு நடக்கவிட்டு, மாத்திரை அட்டையிலிருந்து சரியான மாத்திரையை எடுக்கச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். அதன் பிறகு "இந்தத் தாத்தா ஏன் இவ்வளவு மெதுவா பண்றார்" என்ற கேள்வி எழாது. பிறகு பொம்மையிலோ சக மாணவரிடமோ செய்து பழகி, கற்றுக்கொண்டதைப் பயிற்றுநர் முன் திருப்பிச் செய்து காட்டி, மேற்பார்வையோடு உண்மையான நோயாளியிடம் போக வேண்டும்.

வெளிநாடுகளில் சில இடங்களில் இதற்குச் சட்டமே உண்டு. அமெரிக்காவில் 1987-ல் வந்த சட்டத்தின்படி முதியோர் இல்ல உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதுவே போதாது என்ற விவாதம் அங்கே நடக்கிறது. இங்கிலாந்தில் 2013-ல் கேவண்டிஷ் அறிக்கை உதவியாளர்களின் பயிற்சி சீரில்லை என்று சுட்டிக்காட்ட, 2015-ல் பராமரிப்புச் சான்றிதழ் வந்தது. ஜப்பான் இன்னொரு வழியையும் பிடித்தது. 2005 முதல் வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளி மாணவர் என எல்லாருக்கும் சுமார் ஒன்றரை மணி நேர டிமென்ஷியா வகுப்பு. ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதை முடித்திருக்கிறார்கள்.

குறுகிய பயிற்சி பலன் தருமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஷரோன் இனோயி குழுவினர் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-ல் வெளியானது. வழக்கமான வார்டில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது. சிறப்புத் திட்டம் நடந்த வார்டில் 9.9 பேருக்கு மட்டும். அங்கே புதிய மருந்து எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, இன்று என்ன கிழமை என்று பேசுவது, ராத்திரி தூங்கவிடுவது போன்ற காரியங்கள்தான். பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இன்னொன்று கோவாவில் நடந்து 2008-ல் வெளியானது. உள்ளூர் ஆட்களுக்கு ஒரு வாரத் தீவிரப் பயிற்சி கொடுத்து, டிமென்ஷியா நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஆலோசகர்களாக அனுப்பினார்கள். 81 குடும்பங்கள் பங்கேற்றன. அந்த உதவி கிடைத்த வீடுகளில் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

மருத்துவருக்கு எம்.டி. உண்டு. நர்ஸுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த முதியோர் நர்சிங் டிப்ளமோ உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் குறுகிய கால, நீண்ட காலப் படிப்புகளை நடத்துகிறது. பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் சேரக்கூடிய பொதுப் பணி உதவியாளர், வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிகள் சுகாதாரத் துறைத் திறன் மன்றத்தின் பாடத்திட்டப்படி நடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலி நிவாரண நர்ஸ் ஆகியோர் வீட்டுக்கே வருகிறார்கள். முதியோர் பராமரிப்புக் கண்ணோட்டத்தில் இது பெரிய விஷயம், ஏனென்றால் படுத்த படுக்கையாக இருப்பவரால் மையத்துக்கு வர முடியாது.

ஆனால் தனியார் ஏஜென்சி மூலம் வீட்டுக்கு வருபவருக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஓர் ஏஜென்சி சில வாரம் பயிற்சி கொடுக்கும், இன்னொன்று சீருடை மட்டும் கொடுக்கும். ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: வீட்டுப் பராமரிப்புக்கு வரும் எவருக்கும் குறைந்தபட்சப் பயிற்சி கட்டாயமாக வேண்டும், அதை முடித்தவருக்கு அதற்கேற்ற கூலியும் வேண்டும். படுக்கை மாற்றுவதையும் மலம் துடைப்பதையும் கீழான வேலையாகப் பார்த்து, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குக் குறைந்த பணம் கொடுக்கும் வரை, பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனைகளில் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நம் ஊரில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவார். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, டியூபைச் சுத்தம் செய்வது இவற்றை அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துப் பார்த்தால் போதும். வீட்டுக்குப் போன பின் வரும் சிக்கல்களில் பாதியை அங்கேயே தடுக்கலாம் என்று நம்புகிறேன்.

வீட்டில் ஆள் வைக்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சான்றிதழைக் கேளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். "அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாத்திக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பிரேக்கைப் போடுகிறாரா, தூக்கும் முன் அப்பாவிடம் "எழுந்திருக்கலாமாங்க?" என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். "திடீர்னு குழப்பமா பேசினா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த பின் ஒரு நோட்டு வையுங்கள். சாப்பிட்டது, தண்ணீர், மலம், சிறுநீர், தூக்கம், தோல் எப்படி இருந்தது என்று நாளுக்கு நாலு வரி எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கும் டாக்டருக்கும் உதவும். எழுத வராதவர் என்றால் டிக் அடிக்கும்படி கட்டம் போட்டுக் கொடுங்கள். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தாருங்கள், அந்த நாளில் நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். முதியவரை யாராவது அடிப்பதோ மிரட்டுவதோ பட்டினி போடுவதோ தெரிந்தால், வீட்டாராக இருந்தாலும் பணியாளராக இருந்தாலும், மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள், கட்டணம் இல்லை.